எடை போட்டு விற்கும் பாட்டு: அமெரிக்கானா கேள்வி-பதில்

கே: செயலியில் 'அமெரிக்கானா' என்று தேடினால் வரும் பட்டியல்களில் எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், டாலஸ்)

ப: அமெரிக்கானா என்பது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, கன்ட்ரி, ப்ளூஸ் இவற்றின் வேரிலிருந்து வளர்ந்த இசை. பட்டியலை மூடுங்கள். ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, அதில் பாட்டு எழுதியவர்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். எமிலூ ஹாரிஸின் 'ரெக்கிங் பால்' (1995) இதற்குத் தோதானது. ஸ்டீவ் ஏர்ல், லூசிண்டா வில்லியம்ஸ், ஜூலி மில்லர், கில்லியன் வெல்ச் என்று ஒரு தெருவே அதற்குள் இருக்கிறது. வெல்ச்சின் சொந்த ஆல்பம் முதன்முதலாக வந்ததே அடுத்த ஆண்டுதான்.

அடுத்து, வெல்ச்சின் 'டைம் (த ரெவலேட்டர்)' (2001). அவரும் டேவிட் ராலிங்ஸும் மட்டும், டிரம்ஸ் கிடையாது. அது முடிந்ததும் லூசிண்டாவின் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு' (1998). அதில் முழு பேண்டும் இறங்கி வாசிக்கிறது. வெல்ச் பிடித்தால் பின்னோக்கிப் போய் 1927-இல் டென்னசியின் பிரிஸ்டலில் பதிவான கார்ட்டர் குடும்பத்தைக் கேளுங்கள். லூசிண்டா பிடித்தால் அங்கிள் டுபெலோ என்ற பேண்ட். இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் காசு மிச்சம்.

கே: 1930-களின் ப்ளூஸ் தொகுப்பு ஒன்று, '180 கிராம், ரீமாஸ்டர்டு' என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. 28 டாலர். கேட்டால் தண்ணீருக்கடியில் பாடுவதுபோல இருக்கிறது. என் பிளேயர் கோளாறா? (வாசகி, ராலே)

ப: பிளேயர் மேல் பழி இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் அநேகமாகத் தட்டு அடித்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டே.

180 கிராம் என்பது தட்டின் எடை, அவ்வளவுதான். சாதாரண எல்பி 120 முதல் 140 கிராம் இருக்கும். பிளாஸ்டிக் கூடுவதால் பள்ளம் ஆழமாவதில்லை. ஒலிக்கு மூலமாக எதை எடுத்தார்கள் என்பதையும் எடை சொல்லாது. புளியை நிறுப்பதுபோல பாட்டை நிறுத்து விற்கும் இந்த ஸ்டிக்கர் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

நடப்பது இதுதான். ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. அமெரிக்காவிலோ 1930-களின் பதிவுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 100 ஆண்டு பாதுகாப்பு. ஆகவே ஐரோப்பாவில் யார் வேண்டுமானாலும் ஒரு பழைய சிடியிலிருந்தோ எம்பி3-யிலிருந்தோ நகலெடுத்துத் தட்டு அடிக்கலாம். பதிவுக்கென்று பாடியவர் குடும்பத்துக்குச் சல்லிக்காசு போகாது.

அந்தக் காலப் பதிவுகளில் பலவற்றுக்கு மூல உலோகத் தகடுகளே இல்லை. ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ் 1931-இல் விஸ்கான்சினில் பாரமவுண்ட் கம்பெனிக்குப் பாடியவை, சேகரிப்பாளர்கள் கையில் தப்பிப் பிழைத்த தேய்ந்த 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ரகம்) வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கின்றன. அதனால் எந்தத் தட்டிலிருந்து, யார், எந்த ஊசி வைத்து எடுத்தார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரைச்சலை மென்பொருளால் ஒரேயடியாக வழித்தால் அதோடு குரலின் மேல் ஸ்தாயியும் போய்விடும். உங்கள் காதில் விழுந்த 'தண்ணீர்' அதுதான்.

இனி வாங்கும்போது பின்னட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். உரிமம் யாரிடம் பெறப்பட்டது, மாஸ்டரிங் (தட்டு அடிக்குமுன் ஒலியைச் சீர்செய்வது) செய்தவர் பெயர், மூலம் எது, குறிப்பு எழுதியவர் யார்: இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 'ரீமாஸ்டர்டு' என்று போட்டுவிட்டுச் செய்தவர் பெயரைப் போடாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை டிஸ்காக்ஸ் என்ற தட்டு விவரத் தளத்தில் தேடினால், இதே அச்சை வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் தெரியும். ஸ்டிக்கரை நம்பி வாங்கிய தட்டுகள் என் அலமாரியிலும் உண்டு. ஒன்றின் மேல் இப்போது மணி பிளான்ட் இருக்கிறது.

கே: இணையத்தில் 'குட்' என்று தரம் போட்டிருந்த ஜான் பிரைன் எல்பியை வாங்கினேன். ஒரே பொரிச்சல் சத்தம். 'நல்லது' என்று எழுதி ஏமாற்றலாமா? (வாசகர், எடிசன்)

ப: பழைய தட்டுச் சந்தையில் ஜி, அதாவது 'குட்', என்றால் மோசம் என்று அர்த்தம். மின்ட் (புத்தம் புதுசு), நியர் மின்ட், விஜி ('வெரி குட்') பிளஸ், விஜி, ஜி பிளஸ், ஜி, புவர் என்று இறங்குவரிசை. விஜியிலேயே கீறல் காதில் விழும். விளக்கத்தைப் படிக்காமல் பட்டனை அழுத்திவிட்டு விற்றவரைத் திட்டாதீர்கள். பிரைனின் முதல் ஆல்பம் (1971) நல்ல மறுபதிப்பாகவே கிடைக்கிறது.

கே: மிசிசிப்பி ஜான் ஹர்ட்: 1928 பதிவு வாங்குவதா, 1960-களின் பதிவு வாங்குவதா? (வாசகர், சிகாகோ)

ப: முதலில் 1960-கள். 1928-இல் மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் பாடிவிட்டு ஊர் திரும்பிய இந்த ப்ளூஸ் கிட்டார்காரரை உலகம் மறந்தேபோனது. தன் ஊரான அவலான் பேரைப் பாட்டில் சொல்லியிருந்தார். அதை வைத்தே 1963-இல் தேடிப் பிடித்தார்கள். வயதாகியும் விரல் ஓயவில்லை. கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் தாளம் தப்பாமல் நடக்க, மற்ற விரல்கள் மெட்டைத் தனியாக வாசிக்கின்றன. 1960-களில் வேன்கார்டு கம்பெனிக்குச் செய்த பதிவுகளில் இந்த இரண்டும் பிரிந்து தெளிவாகக் கேட்கும். காது பழகியபின் 1928-க்குப் போனால் இரைச்சல் தடையாகாது.

அவருடைய இரண்டு பாட்டு, ஹாரி ஸ்மித் தொகுத்து 1952-இல் ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட 84 பாட்டுத் தொகுப்பிலும் உண்டு. ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தளத்தில் ஆல்பக் குறிப்பேடுகளை பிடிஎஃப் ஆக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். படித்துவிட்டு வாங்குங்கள்.

கே: பழைய கன்ட்ரி பாடகர் ஒருவரின் '20 ஹிட்ஸ்' சிடி. பாட்டு அதே, குரலும் அவருடையதுதான், ஆனால் ஏதோ சரியில்லை. (வாசகி, டொராண்டோ)

ப: உங்கள் காது சரி. கம்பெனி மாறியபின் பலர் பழைய ஹிட்டுகளை மறுபடி பாடிக் கொடுத்தார்கள். மூலப் பதிவின் உரிமை பழைய கம்பெனியிடம் இருந்ததால், மலிவுத் தொகுப்புகளுக்கு இந்த மறுபதிவுதான் சிக்கும். அட்டையின் ஓரத்தில், பூதக்கண்ணாடிக்கென்றே அச்சிட்டதுபோல, 'மூலக் கலைஞரே மீண்டும் பாடியது' என்று இருக்கும். விற்பனைப் பக்கத்தில் அந்த வரி இல்லை என்றால், பக்கத்தையும் அட்டையையும் படமெடுத்து, 'விவரித்தபடி இல்லை' என்று காரணம் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

கே: வீட்டுச் சாமான் விற்பனையில் 78 தட்டுகள் ஒரு பெட்டி கிடைத்தன. ஆல்கஹால் போட்டுத் துடைத்து, சூட்கேஸ் பிளேயரில் போட்டேன். ஒலி மங்கிவிட்டது. (வாசகர், ஹூஸ்டன்)

ப: அவை ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆல்கஹாலில் ஷெல்லாக் கரையும். துடைத்தவை போனவைதான்.

மீதியையாவது காப்பாற்றுங்கள். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், லேபிள் நனையக்கூடாது. எல்பி ஊசியின் முனை சுமார் 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு 3 மில் வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையைத்தான் வாசிக்கும். அந்த சூட்கேஸ் பிளேயரில் எல்பியையும் வைக்காதீர்கள். அந்த ரகத்தில் ஊசியின் அழுத்தம் 5 கிராம் வரை போகும். நல்ல கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பாகம்) 2 கிராம் போதும்.

கே: ரியானன் கிடென்ஸ் போன்றவர்களுக்கு என் காசு நேராகப் போய்ச் சேர வழி? (வாசகி, அட்லாண்டா)

ப: கச்சேரியில் போட்டிருக்கும் விற்பனை மேஜையில் வாங்குங்கள், அல்லது கலைஞரின் சொந்தத் தளத்தில். கலைஞர்களே விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் இருந்தால் அதுவும் சரி: டவுன்லோடுக்கு 15 சதவீதமும் தட்டு, சட்டைக்கு 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அப்படியே கிடென்ஸும் தோழர்களும் யாரிடம் கற்றார்களோ அந்த வட கரோலினாவின் கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்ப்சனையும் தேடிக் கேளுங்கள்.

கே: டவுன்ஸ் வான் சான்ட் பேரில் ஏகப்பட்ட லைவ் ஆல்பம். எது? (வாசகர், சியாட்டில்)

ப: 'லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர்'. ஹூஸ்டன், 1973 ஜூலை. ஒரு ஆள், ஒரு கிட்டார், இரட்டைத் தட்டு. மற்றவை காத்திருக்கட்டும்.