கடையில் வாங்கிய புதினாத் தண்டை நட்டால் துளிர்விட்டபின் ஏன் கருகுகிறது?

சென்னையில் மொட்டை மாடி, கட்டுப் புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை நேராகத் தொட்டியில் நடுகிறீர்கள், சில நாளில் துளிர் வருகிறது, அடுத்த வாரமே கருகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் மாடித் தோட்டம்தான், வெயிலும் அதே வெயில்தான்.

துளிர் வந்தாலே வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. தண்டுக்குள் மிச்சமிருக்கும் சத்தையும் ஈரத்தையும் வைத்தே அது துளிர்த்துவிடும். அது தீரும்போது கீழே வேர் இல்லாவிட்டால் மாடி வெயிலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. அதனால் முதலில் வேர், அப்புறம்தான் மண்.

கட்டில் தடிமனான தண்டுகளாகப் பொறுக்குங்கள். சிலவற்றின் அடிக்கணுவில் ஏற்கெனவே வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். அவைதான் முதல் தரம். நுனிப்பகுதி மெல்லிசாக இருந்தால் அழுகிவிடும், விட்டுவிடுங்கள். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, உச்சியில் மட்டும் நாலைந்து சின்ன இலைகளோடு தண்ணீர் டம்ளரில் வையுங்கள். இடம் சமையலறை ஜன்னல் போதும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் வேர் இறங்கும். ஓர் அங்குலமாவது நீண்டபின் மண்ணுக்கு மாற்றி, இன்னும் ஒரு வாரம் நிழலிலேயே வைத்திருங்கள்.

தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம். புதினா பக்கவாட்டில் தண்டு ஓட்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும் செடி. எட்டு அங்குல ஆழமுள்ள பழைய பிளாஸ்டிக் டப்பில் அடியில் ஓட்டை போட்டாலே அருமையாக வரும். அதில் கொத்தமல்லியோ வேறு செடியோ சேர்த்து நட வேண்டாம், புதினா நெருக்கிவிடும். மண் கலவைக்கு செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு. விதைப் பாக்கெட்டில் காசு போடாதீர்கள். முளைக்க நாளாகும், வருகிற செடியின் மணத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் கிடைத்தால் நன்றாக வளரும். மதிய வெயில்தான் எதிரி, அதுவும் சித்திரை, வைகாசியில். தளத்தின் சூடு தொட்டிக்குள் ஏறாதபடி இரண்டு செங்கல் மேல் வைத்து, பச்சை நிழல்வலை கட்டுங்கள். மேல்மண் காயத் தொடங்கியதும் தண்ணீர், கோடையில் இரண்டு வேளை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் பழுப்பாகக் காய்ந்துகொண்டே வரும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அவ்வப்போது அதைத் தாராளமாக ஊற்றி உப்பை அலசி விடுங்கள்.

இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளாதீர்கள். மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டுக் கத்தரிக்கோலால் தண்டோடு வெட்டுங்கள். எதிரெதிராக இலை உள்ள செடி என்பதால் வெட்டிய கணுவில் இரண்டு கிளை வரும். பூக்க விட்டால் இலை சிறுத்துவிடும், மொட்டு தெரிந்ததுமே வெட்டிவிடுங்கள். வெட்டியதும் ஒரு கை மண்புழு உரம். காலையில் வெட்டி உடனே அரைத்த துவையலின் மணம் வாடிய கட்டில் வரவே வராது!

கோடையில் இலை வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை மாதிரி தெரிந்தால் அது சிலந்திப்பேன். இலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கும். பச்சையாகவே அரைத்துச் சாப்பிடும் இலைக்கு ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம். ஒரு வருடம் போல ஆனதும் டப் முழுக்க வேர் அடைத்து நடுவில் மொட்டையாகிவிடும். அப்போது பெயர்த்தெடுத்து, ஓரத்து இளம் தண்டுகளைப் புது மண்ணில் நடுங்கள்.

இப்போது கருகி நிற்கிற தண்டுகளை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் வேர் இல்லை. பிடித்து நின்றால் ஒரு கணு விட்டு வெட்டி, தொட்டியை நிழலுக்கு மாற்றி, ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து மறுபடி துளிர்க்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.