ஓடுகிற ஆஸ்டரிஸ்க் சர்வரும் அதன் கன்சோலும்: வாசகர் கேள்விகள்

ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி சர்வரில் என்ன நடக்கிறது என்பதை, அதற்குக் கட்டளை தட்டும் திரையான கன்சோல் அளவுக்கு நேராகக் காட்டும் கருவி வேறில்லை. ஆனால் அங்கே தட்டும் கட்டளை அந்த நொடியே நடந்துவிடும், ‘உறுதிதானா?’ என்ற கேள்வி வராது. எந்தக் கட்டளை பார்க்க மட்டும் செய்கிறது, எது ஓடும் சர்வரைத் தொடுகிறது என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதி. இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கின்றன. கட்டளைகளை ஒலிப்புப்படி தந்திருக்கிறோம். கன்சோலில் சிறிய ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். பாதி அடித்து டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும்.

கன்சோலை மூடியதும் நடந்துகொண்டிருந்த அழைப்புகள் எல்லாம் அறுந்தன. ஏன்?

ஏற்கெனவே ஓடும் சர்வரோடு இணைவது ‘ஆஸ்டரிஸ்க் -ஆர்’. முன்திரையிலேயே ஒரு புதிய சர்வரைக் கிளப்புவது ‘-சி’. இரண்டாவது வழியில் கிளப்பியிருந்தால் உங்கள் டெர்மினல்தான் சர்வரின் உயிர். கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் டெர்மினலை மூடினாலும் சர்வரே இறங்கிவிடும். சோதனை மேசையைத் தவிர வேறெங்கும் ‘-சி’ வேண்டாம்.

‘-ஆர்’ வழியில் வந்திருந்தும் இது நடந்ததென்றால், வெளியேறுவதற்கு ‘கோர் ஸ்டாப் நவ்’ அடித்திருப்பீர்கள். அது சர்வரை நிறுத்தும் கட்டளை. வெளியேற ‘எக்ஸிட்’ அல்லது ‘க்விட்’ போதும்.

உண்மையாகவே நிறுத்த வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ‘கோர் ஸ்டாப் கிரேஸ்ஃபுல்லி’ புதிய அழைப்புகளை ஏற்காது. நடப்பவை முடிந்ததும் நிற்கும். ‘கோர் ஸ்டாப் வென் கன்வீனியன்ட்’ புதிய அழைப்புகளையும் ஏற்றுக்கொண்டே, ஒரு அழைப்பும் இல்லாத கணத்துக்காகக் காத்திருக்கும். இடைவிடாமல் அழைப்பு வரும் இடத்தில் அந்தக் கணம் வராமலே போகலாம். மனம் மாறினால் ‘கோர் அபார்ட் ஷட்டவுன்’ அடித்துக் காத்திருப்பதை ரத்து செய்யலாம். ‘நவ்’ கொடுத்த பிறகு ரத்து செய்ய எதுவும் மிஞ்சாது.

சர்வர் ஓடுகிறது, ஆனால் ‘ரிமோட் ஆஸ்டரிஸ்கோடு இணைய முடியவில்லை, சிடிஎல் ஃபைல் இருக்கிறதா?’ என்று வருகிறது.

கன்சோல் ஒரு யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியின் நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாக இணைகிறது. வழக்கமான இடம் /வார்/ரன்/ஆஸ்டரிஸ்க்/ஆஸ்டரிஸ்க்.சிடிஎல். பிராசஸ் பட்டியலில் ஆஸ்டரிஸ்க் உண்மையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வர் தடாலென்று விழுந்திருந்தாலும் பழைய சாக்கெட் ஃபைல் அங்கேயே கிடக்கும். ஆகவே ஃபைல் இருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

பிராசஸ் இருக்கிறது, ரூட்டாக இணைய முடிகிறது, உங்கள் கணக்கில் மட்டும் முடியவில்லை என்றால் அனுமதிதான் சிக்கல். ஆஸ்டரிஸ்க்.கான்ஃப் ஃபைலின் ‘ஃபைல்ஸ்’ பகுதியில் ‘ஏஎஸ்டிசிடிஎல்பெர்மிஷன்ஸ்’ மதிப்பை 0660 என்றும், ‘ஏஎஸ்டிசிடிஎல்குரூப்’ என்பதில் உங்கள் குழுவின் பெயரையும் வையுங்கள். இந்த ஃபைலை ரீலோட் எட்டாது; மாற்றம் நடைமுறைக்கு வர ரீஸ்டார்ட் வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்த்த பயனர் ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

‘கோர் செட் வெர்போஸ் 5’ கொடுத்தேன். திரையில் வரிகள் கொட்டுகின்றன, லாக் ஃபைலில் மட்டும் ஒன்றும் இல்லை.

வெர்போஸ் அளவு, அதாவது நடப்பதை எவ்வளவு விவரமாகக் காட்டுவது என்பது, ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி. ஆஸ்டரிஸ்க் 11 முதல் இப்படித்தான். நீங்கள் ஏற்றியது உங்கள் திரைக்கு மட்டும். ஃபைலில் என்ன பதிய வேண்டும் என்பதை லாகர்.கான்ஃப் தீர்மானிக்கிறது. ‘ஃபுல்’ என்ற வரியில் நோட்டீஸ், வார்னிங், எரர் ஆகியவற்றோடு வெர்போஸையும் சேர்த்து, ‘லாகர் ரீலோட்’ கொடுங்கள். எந்த ஃபைலுக்கு என்னென்ன போகிறது என்பதை ‘லாகர் ஷோ சேனல்ஸ்’ காட்டும்.

பிழை தேடுவதற்கான டீபக் அளவு அப்படியல்ல. அது முழு சர்வருக்கும் பொது. நீங்கள் வெளியேறினாலும் தொடரும். போன்களோடு பேசும் பகுதியின் பெயர் பிஜேசிப். அதன் செய்திகளைக் காட்டும் ‘பிஜேசிப் செட் லாகர் ஆன்’ கொடுத்தாலும் அதே கதைதான். பரபரப்பான சர்வரில் இவற்றை அணைக்காமல் போனால் மறுநாள் டிஸ்க் நிரம்பியிருக்கும். தொடங்கும்போதே அணைக்கும் கட்டளையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ‘கோர் செட் டீபக் 0’, ‘பிஜேசிப் செட் லாகர் ஆஃப்’.

ஒரே ஒரு போன் மட்டும் பதிவாக மறுக்கிறது. கன்சோலில் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு போனுக்காகச் சர்வரில் எழுதிய அமைப்புதான் எண்ட்பாயிண்ட். ‘பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்’ பட்டியலில் அந்த எண் இருக்கிறதா? இல்லையென்றால் கான்ஃபிக் ஃபைலே ஏறவில்லை. போனைக் குறை சொல்லிப் பயனில்லை. இருக்கிறது, ஆனால் ‘அனவைலபிள்’ என்று நிற்கிறதென்றால் அடுத்து ‘பிஜேசிப் ஷோ கான்டாக்ட்ஸ்’. பதிவான போன் தரும் முகவரிதான் கான்டாக்ட். அங்கே ‘நான்குவால்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். பதிவு நடந்திருக்கிறது; ‘குவாலிஃபை_ஃப்ரீக்வென்சி’ 0 என்பதால் சர்வர் அந்தப் போனை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கான்டாக்டே இல்லையென்றால்தான் பதிவு தோற்றிருக்கிறது.

இனி ‘பிஜேசிப் செட் லாகர் ஹோஸ்ட்’ என்று அடித்து அந்தப் போனின் ஐபி முகவரியைக் கொடுங்கள். எல்லாப் போன்களின் செய்திகளுக்கும் நடுவே தேடும் அவதி இல்லை. பிறகு போனை ரீபூட் செய்யுங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் பாக்கெட் சர்வரை எட்டவில்லை: ஃபயர்வால், தவறான முகவரி, அல்லது 5060 அல்லாத போர்ட். வந்தால், பதிவு கேட்டுப் போன் அனுப்பும் முதல் ரெஜிஸ்டர் செய்திக்கு 401 பதில் போகும். அதைக் கண்டு கடவுச்சொல் தவறு என்று முடிவுகட்டுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. முதல் 401 சர்வர் விடும் சவால். எந்தப் போனுக்கும் அது உண்டு. சவாலுக்கு விடையோடு வரும் இரண்டாவது ரெஜிஸ்டருக்கும் 401 திரும்பினால்தான் பயனர்பெயரிலோ கடவுச்சொல்லிலோ பிழை. இல்லாத எண்ணில் வருபவருக்கும் சர்வர் 401தான் தரும், எந்த எண் இருக்கிறது என்று வெளியார் கண்டறியக் கூடாதல்லவா! ஆகவே கூடவே வரும் லாக் வரியைப் படியுங்கள். ‘நோ மேட்சிங் எண்ட்பாயிண்ட்’ என்றால் பெயர் பொருந்தவில்லை. ‘ஃபெயில்டு டு ஆத்தென்டிகேட்’ என்றால் கடவுச்சொல்.

404 வந்தால், கான்டாக்ட்களை வைத்திருக்கும் ஏஓஆர் பகுதியின் பெயரைப் பாருங்கள். போன் பதிவுசெய்ய முயலும் பயனர்பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 403 வந்தால் பெரும்பாலும் ‘மேக்ஸ்_கான்டாக்ட்ஸ்’, அதாவது எத்தனை கான்டாக்ட் இருக்கலாம் என்ற எல்லை. எழுதாமல் விட்டால் அதன் மதிப்பு 0. அதாவது ஒரு போனும் பதிவாகாது. 1 என்று வைத்திருந்தால் வேறு தொல்லை: போனின் ஐபி மாறியதும் பழைய கான்டாக்ட் காலாவதியாகும்வரை புதியது தள்ளப்படும். அதற்கு ‘ரிமூவ்_எக்ஸிஸ்டிங்=யெஸ்’ சேர்ப்பதே சரியான மருந்து. எண்ணை 5, 10 என்று ஏற்றிவைத்தால் செத்த கான்டாக்ட்கள் சேர்ந்துகொண்டே போகும்.

கன்சோலில் சேர்த்த டயல்பிளான் வரிகள் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு காணவில்லை.

எந்த எண்ணுக்கு வரும் அழைப்பை என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்வது டயல்பிளான். ‘டயல்பிளான் ஆட் எக்ஸ்டென்ஷன்’ நினைவகத்தில் மட்டும் எழுதுகிறது. ‘டயல்பிளான் சேவ்’ ஃபைலில் எழுதும்தான், ஆனால் எக்ஸ்டென்ஷன்ஸ்.கான்ஃப் முழுவதையும் தானே திரும்ப எழுதி, நீங்கள் போட்ட குறிப்புரைகள் அனைத்தையும் தின்றுவிடும். அதைப் பயன்படுத்தாதீர்கள். ஃபைலைத் திருத்துங்கள், ‘டயல்பிளான் ரீலோட்’ கொடுங்கள், பிறகு ‘டயல்பிளான் ஷோ 1001@இன்டர்னல்’ என்பதுபோல எண்ணையும், அது இருக்கும் டயல்பிளான் பகுதியான கான்டெக்ஸ்டையும் சேர்த்து அடித்து, எதிர்பார்த்த வரிதான் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ரீலோட் நடந்துகொண்டிருக்கும் அழைப்பை அறுக்காது. ஆனால் அந்த அழைப்பு தன் அடுத்த படியைப் புதிய டயல்பிளானில்தான் தேடும். நடுவே ஒரு வரியைச் செருகியிருந்தால் ஓடும் அழைப்பு ஒரு படியை இரண்டுமுறை செய்யலாம். நீக்கியிருந்தால் ஒன்றைத் தாண்டலாம். நீண்ட ஐவிஆர் மெனு (எண்ணை அழுத்தச் சொல்லும் குரல் மெனு) உள்ள இடங்களில் ரீலோடை அழைப்பு குறைந்த நேரத்துக்கு வையுங்கள். சர்வர் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் கேட்கிறது என்று சொல்லும் பிஜேசிப் டிரான்ஸ்போர்ட் பகுதியை மாற்றியிருந்தால், அதில் ‘அலவ்_ரீலோட்’ முன்பே இல்லாதவரை ரீலோட் அதைத் தொடாது, ரீஸ்டார்ட்தான் வழி.

பேசி முடித்த அழைப்பு இன்னும் பட்டியலில் நிற்கிறது.

‘கோர் ஷோ சேனல்ஸ் வெர்போஸ்’ கொடுத்து நேரத்தைப் பாருங்கள். ‘சேனல் ரிக்வெஸ்ட் ஹேங்கப்’ அடித்து டேப் தட்டினால் சேனல் (அழைப்பின் ஒரு பக்கத்து இணைப்பு) பெயர்கள் வரும், உரியதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆல்’ என்ற சொல்லும் அதே பட்டியலில் வரும், கை தவறக் கூடாது. மறுபக்கத்திலிருந்து வரவேண்டிய, அழைப்பை முடிக்கும் ‘பை’ செய்தி வழியில் தொலைந்ததுதான் பெரும்பாலும் மூலக்காரணம். எண்ட்பாயிண்டில் ‘ஆர்டிபி_டைம்அவுட்’ 60 என்று வைத்தால் ஒரு நிமிடம் குரல் பாக்கெட் வராத அழைப்பைச் சர்வரே முடிக்கும். ஹோல்டில் இருக்கும் அழைப்புக்கு ‘ஆர்டிபி_டைம்அவுட்_ஹோல்ட்’ என்று தனி அளவு உண்டு.

உதவி மேசையில் இருப்பவருக்குப் பார்க்க மட்டும் கன்சோல் தர முடியுமா?

முடியும். சிஎல்ஐ_பெர்மிஷன்ஸ்.கான்ஃப் ஃபைலில் அவருடைய லினக்ஸ் பயனர்பெயரில் ஒரு பகுதி திறந்து, முதலில் எல்லாவற்றையும் மறுத்து, பிறகு ‘கோர் ஷோ’, ‘பிஜேசிப் ஷோ’ போன்றவற்றை மட்டும் அனுமதியுங்கள். குழுவென்றால் பெயருக்கு முன்னால் @ குறி. ‘சிஎல்ஐ ரீலோட் பெர்மிஷன்ஸ்’ கொடுத்தபின், ‘சிஎல்ஐ செக் பெர்மிஷன்ஸ்’ கட்டளையால் அவர் பெயரில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். அவர் ரூட்டாக சூடோ செய்து நுழைந்தால் அவர் பெயரில் எழுதிய இந்த விதிகள் பொருந்தாது.

குழுவில் சேர்த்துவிட்டு இதை எழுதாமல் விடுவது பெரிய ஆபத்து. ‘சேனல் ஒரிஜினேட்’ வழியாக சிஸ்டம் அப்ளிகேஷனை இயக்கினால், ஆஸ்டரிஸ்க் பயனரின் உரிமையில் எந்த ஷெல் கட்டளையும் ஓடும். அந்தக் கட்டளையை யாருக்குத் தருகிறீர்கள் என்று யோசித்துத் தாருங்கள்.

கையால் ஓடும் ‘-ஆர்எக்ஸ்’ ஸ்கிரிப்ட் கிரானில் ஓடவில்லை.

‘-ஆர்எக்ஸ்’ ஒரு கட்டளையை மட்டும் கன்சோலில் ஓட்டி வெளியேறும்; கிரான், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானே இயக்கும். கிரானின் பாத் பட்டியலில் (நிரல்களைத் தேடும் இடங்கள்) /யுஎஸ்ஆர்/எஸ்பின் இருக்காது. ஆஸ்டரிஸ்கின் முழுப் பாதையை எழுதுங்கள். கட்டளையை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லையென்றால் முதல் சொல் மட்டும் போகும். கூடவே ‘டைம்அவுட் 10’ முன்னொட்டைச் சேருங்கள்: சர்வர் சிக்கி நிற்கும் நாளில் முடியாத இணைப்புகள் குவிந்து, நீங்களே நுழைய இடமில்லாமல் போகும். ஒரே நேரத்தில் 128 கன்சோல் இணைப்புகள்தான் எல்லை. சில நொடிக்கு ஒருமுறை கண்காணிக்க வேண்டுமென்றால் கன்சோலை விட்டுவிட்டு, பிற நிரல்கள் இணைவதற்கான மேனேஜர் இடைமுகத்துக்கு மாறுங்கள்; அதன் போர்ட் 5038, கட்ட வேண்டிய முகவரி 127.0.0.1.