லைப்ரரியில இருந்தே வெளிநாட்டு மொழி படிக்கலாமோ?

கொழும்பில கிளாஸுக்குப் போகாம லைப்ரரி புத்தகத்தை வச்சே ஒரு வெளிநாட்டு மொழி படிக்கேலுமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். கிளாஸ் காசுதான் உங்களுக்கும் பிரச்சினை எண்டு நினைக்கிறன், எனக்கும் அதுதான் இருந்தது. ஏலும். நான் ஜெர்மன் ஏ1, அதுதான் முதல் படி, அப்பிடித்தான் படிச்சனான், என்ட மனுசன் ஜெர்மனியில, ஸ்பௌஸ் விசாவுக்கு அந்தச் சோதனை பாஸ் பண்ணவேணும். கிளாஸே தேவையில்லை எண்டு நான் சொல்ல வரேல்ல, அதுக்கு ஒருத்தரும் சண்டைக்கு வராதேங்கோ.

வெள்ளவத்தையில இருந்து பஸ் எடுத்துப் போய், முதல் கிழமை முழுக்க எந்தத் தட்டில தேடுறது எண்டே தெரியாம நிண்டனான். பிறகு அங்க வேலை செய்யிற அக்கா ஒராள்தான் நம்பரைப் பாருங்கோ தங்கச்சி எண்டு சொல்லித் தந்தவா. டூயி முறையில, அதாவது பாடத்துக்குப் பாடம் நம்பர் போட்டு அடுக்கின லைப்ரரி எண்டா 400ல மொழிகள் தொடங்கும், ஜெர்மன் 430, ஃபிரெஞ்ச் 440, ஜப்பான் 495.6, கொரியன் 495.7. நம்பர் தெரிஞ்சா நேர அந்தத் தட்டுக்கே போகலாம்.

எல்லாப் புத்தகமும் இங்கிலீஷ் வழியாத்தான் விளங்கப்படுத்துது, அதில பெயர்ச்சொல்லுக்கு முன்னால வாற அந்த டேர், டேன், டேம் எனக்கு மண்டைக்குள்ள ஏறவே இல்லை. ஒருநாள் கொப்பியில பக்கத்தில தமிழை எழுதிப் பாத்தன், டேர் மன் எண்டா மனுசன், டேன் மன் மனுசனை, டேம் மன் மனுசனுக்கு. அட, எட்டாம் வகுப்பில படிச்ச வேற்றுமை உருபு! நாங்கள் சொல்லுக்குப் பின்னால ஒட்டுறதை அவங்கள் முன்னால இருக்கிற சொல்லில மாத்துறாங்கள், அவ்வளவுதான். 'வைல்' எண்டு காரணம் சொல்லேக்க வினைச்சொல் கடைசிக்குப் போறதும் எங்கட மாதிரித்தான். ஃபாப்ரிசியுஸ் எண்ட ஜெர்மன் பாதிரியார் 1779லயே சென்னை வேப்பேரியில தமிழ்-இங்கிலீஷ் அகராதி அச்சடிச்சவர், நான் போன லைப்ரரியில தமிழ்-ஜெர்மன் அகராதி ஒண்டு கூட என்ட கண்ணில படேல்ல. அது இண்டைக்கும் மனசில கிடக்கு.

பேச்சுக்கு லைப்ரரி காணாது, அங்க வாய் திறக்கேலாது. எழுதின வசனங்களைப் பின்னேரம் கடற்கரைக் கல்லில இருந்து சத்தமாச் சொல்லுவன். சோதனையில 100க்கு 60 வேணும், எடுத்திட்டன். கிரெகரிஸ் ரோட்டில இருக்கிற, ஜெர்மன் படிப்பிக்கிற கோத்தே நிலையத்திலயும் லைப்ரரி இருக்கு, ஜெர்மன் எண்டா அங்கயும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ.

ஒண்டு சொல்லாம விடேலாது. சோதனைக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க லைப்ரரிப் புத்தகத்தில வினைச்சொல் அட்டவணையைத் திறந்தா நாலு பக்கம் பிளேட்டால வெட்டி எடுத்திருக்கு. ஃபோட்டோகொப்பிக்குக் காசில்லாட்டி கையால எழுதலாம்தானே, நான் ஒரு சிஆர் கொப்பி முழுக்க எழுதினனான். அதுக்குப் பிறகு வாற பிள்ளை என்ன செய்யும்? எனக்கு அண்டைக்கு அழுகையே வந்திட்டுது, அதே அட்டவணையை வேற புத்தகத்தில தேடிப் பிடிக்க மூண்டு நாள் போச்சு.