'எல்லாப் பாட்டும் கேட்பேன்' என்றால் பதிலுக்கு யார் என்ன சொல்வது?

கேள்வி: பாட்டு கேட்பதில் எனக்குப் பைத்தியம். வீட்டில் யாருக்கும் அதில் ஈடுபாடு கிடையாது. அதனால் இணையத்தில் இசை ரசிகர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவில் சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். 'எல்லா வகை இசையும் கேட்பேன், மெலடி ரொம்பப் பிடிக்கும்' என்று எழுதினேன். ஒரே ஒருவர் கும்பிடு பொம்மை போட்டார். அடுத்த நாள், பிடித்த பாடகர்கள், வாத்தியக்காரர்கள் என்று 43 பேரைப் பட்டியல் போட்டேன். அதற்குக் கும்பிடுகூட இல்லை. மற்றவர்கள் ராகம், பிட்ரேட், ஹெட்ஃபோன் என்று என்னென்னவோ பேசுகிறார்கள். எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. இருப்பது சாதாரண இயர்ஃபோன். கேட்பதில் பாதி சினிமாப் பாட்டு. இதையெல்லாம் சொன்னால் மட்டமாக நினைப்பார்களா? அறிமுகத்தை எப்படித்தான் எழுதுவது?

பதில்: உங்கள் இரண்டு அறிமுகமும் ஒரே காரணத்தால்தான் படுத்துவிட்டன. படித்தவருக்குப் பிடித்துக்கொண்டு பேச ஒரு நுனி கிடைக்கவில்லை. மெலடி பிடிக்காது என்று யாராவது சொல்வார்களா? 43 பேர் பட்டியலிலும் அதே கதைதான். படிக்கிறவர் தனக்குத் தெரிந்த பெயர் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுவார். இருந்தால் 'எனக்கும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்தப் பெயரில் உங்கள் காது எதற்காக நின்றது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். லால்குடி ஜெயராமனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் உங்கள் பட்டியலில் அடுத்தடுத்து இருந்திருக்கலாம். லால்குடியின் வில்லில் வாய்ப்பாட்டின் சொல் பிரிப்புவரை கேட்கும். எம்.எஸ்.ஜி., அதாவது கோபாலகிருஷ்ணன், பரூர் என்ற வயலின் பாணிக்காரர். விரல் ஓட்டமும், இந்துஸ்தானியும் வாசித்தவர் என்கிற சாயலும் சேர்ந்து வரும். இருவரையும் பிடிக்கலாம், தப்பில்லை. ஆனால் இரவு பதினோரு மணிக்கு ஒருவரைத்தான் போட முடியும் என்றால் யாரைப் போடுவீர்கள், ஏன்? அந்த 'ஏன்'தான் அறிமுகம். ஜாஸ் பியானோவில் பில் எவன்ஸ், தெலோனியஸ் மங்க் என்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்கிறவருக்கும் இதே கேள்வி உண்டு. எவன்ஸ் சுரக்கூட்டங்களை (கார்ட்) மென்மையாகக் கரைப்பவர். மங்க் இடைவெளி விட்டு, வேண்டுமென்றே இடறும் சுரத்தில் அடிப்பவர்.

எழுதும் முன் ஒரு பத்து நாள் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த பாட்டுகளையெல்லாம் அதில் குறிக்க வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும்போது கை தானாகப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்ட இடத்தை மட்டும் நிமிடம், நொடியோடு குறியுங்கள். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நாலு வார்த்தை. 'குரல் சட்டென்று கீழே இறங்குகிறது', 'எல்லா வாத்தியமும் நின்று பாஸ் மட்டும்', 'மிருதங்கம் பாடகரை விட்டுவிட்டுத் தனியாக ஓடுகிறது.' எட்டு, பத்து குறிப்பு சேர்ந்ததும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் பாட்டுக்காரர் ரசிகர் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தாள் பார்த்தால் பாதிக் குறிப்பு தாள வாத்தியத்தைப் பற்றியதாக இருக்கும்.

வருடக் கடைசியில் செயலி காட்டும் 'அதிகம் கேட்டவை' பட்டியலை எடுத்து ஒட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த எண்ணிக்கை எடுக்கப்படும் விதமே வேறு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. கேட்டதைப் பதிந்து வைக்கும் லாஸ்ட்.எஃப்எம் சேவையில், பாட்டு பாதி ஓட வேண்டும், அல்லது 4 நிமிடம் ஓட வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. 48 நிமிட ராகம் தானம் பல்லவியை (கச்சேரியின் நீண்ட பகுதி) ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கேட்டாலும் எண்ணிக்கை 1. அதே 48 நிமிடம் வேலைக்கு நடுவே 3 நிமிடப் பாட்டு ஒன்று சுற்றிச்சுற்றி ஓடினால் 16. நீளமான இசை கேட்கிறவர்களின் முகமே அந்தப் பட்டியலில் தெரியாது. தூங்குவதற்குப் போட்ட மழைச் சத்தமும், போனை வாங்கிக் குழந்தை ஓடவிட்டதும் மேலே வந்து நிற்கும்.

ராகம் தெரியாது என்கிறீர்கள். அறிமுகத்துக்கு அது தேவையே இல்லை. காதில் விழுவதைச் சொல்ல வேறு அளவுகள் நிறைய இருக்கின்றன. வேகம் வேண்டுமா? தாளத்துக்குத் தட்டிக்கொண்டே 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 60, 70 என்றால் நிதானம். 120-க்கு மேல் போனால் துள்ளல். ஒரே பாட்டுக்கு ஒருவர் 70 என்பார், இன்னொருவர் 140 என்பார். ஒருவர் ஒன்று விட்டு ஒன்று தட்டுகிறார், அவ்வளவுதான், சண்டைக்குப் போக வேண்டாம். சுற்று எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு தரம் திரும்புகிறது என்றும் கவனியுங்கள். கர்னாடக சங்கீதத்தில் 8 என்றால் பெரும்பாலும் ஆதி, 7 என்றால் மிஸ்ர சாபு, 5 என்றால் கண்ட சாபு. ஏழு எண்ணிக்கைப் பாட்டுகள் உங்களை இழுக்கின்றன என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், மூன்று பேராவது ஓடி வருவார்கள்.

ராகப் பெயர் தெரிந்தாலும் கலப்புக் கூட்டத்தில் அதை மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது. மோகனம் என்றால் இந்துஸ்தானி கேட்கிறவருக்குச் சட்டென்று பிடிபடாது. 'உங்கள் பூபாலிக்குப் பக்கத்தில்' என்றால் நிமிர்ந்து உட்கார்வார். இந்தோளத்துக்கு மால்கௌன்ஸ், 65-ஆவது மேளமான (தாய் ராகமான) கல்யாணிக்கு யமன். மேற்கத்திய இசைக்காரரிடம் கல்யாணியை லிடியன் என்ற அவர்களுடைய சுரவரிசையின் பெயரால் சொல்லலாம். ஆனால் இவையெல்லாம் சுரங்களின் படிக்கட்டு ஒன்று என்கிற அளவுக்குத்தான் உண்மை. கமகமும் (சுரத்தை அசைக்கும் விதம்) பிடிப்பும் வேறு. 'இரண்டும் ஒன்றுதானே' என்று எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். விழ வேண்டியதுதான்.

இனி, எந்தப் பதிவு என்பதை அடையாளம் சொல்லும் விஷயம். பெரும்பாலான அறிமுகங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. சுட்டி மட்டும் கொடுத்தால் போதாது. வீடியோ நீக்கப்படும், சில நாடுகளில் திறக்காது, ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குக் கறுப்புக் கட்டம்தான் தெரியும். சுட்டிக்கு மேலே எழுத்தில் எழுதிவிடுங்கள். சினிமாப் பாட்டு என்றால் முதல் வரி, படம், ஆண்டு, இசையமைத்தவர், பாடியவர். கச்சேரி என்றால் பாடியவர், உருப்படி, ராகம், தாளம், தெரிந்தால் ஆண்டு, பக்கவாத்தியம். மேற்கத்திய செவ்வியல் என்றால் இயற்றியவரோடு நடத்துநரும் இசைக்குழுவும் பதிவான ஆண்டும் வேண்டும். ஒரே சிம்பொனியை ஒரே நடத்துநர் இருபது வருட இடைவெளியில் இரண்டு வேகத்தில் நடத்தியிருப்பார். எதுவானாலும் மொத்த நீளத்தைக் கட்டாயம் குறியுங்கள்.

நீளம் எதற்கு? பழைய இசைத்தட்டு, டேப்பிலிருந்து ஏற்றிய பதிவுகள் பல சரியான வேகத்தில் ஓடுவதில்லை. 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரம் ஏறிவிடும். 4 நிமிடப் பாட்டு சுமார் 3 நிமிடம் 46 நொடியில் முடியும். நீங்கள் 'இந்தக் குரலில் ஒரு கூர்மை' என்று உருகியது பாடியவருடைய கூர்மையாக இல்லாமல், ஏற்றியவருடைய மோட்டாருடையதாக இருக்கலாம். நீளம் எழுதியிருந்தால், வேறு பிரதி வைத்திருப்பவர் உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். மறுபதிப்புகளிலும் கவனம் வேண்டும். ஒரே ஒலிப்பதிவை ஒவ்வொரு தலைமுறையிலும் சத்தம் கூட்டி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள தூரத்தைச் சுருக்கி வெளியிட்டிருப்பார்கள். எந்த வெளியீடு என்று ஒரு சொல் போதும்.

குறிப்பிட்ட இடத்திலிருந்து கேட்கச் சொல்லுங்கள். யூடியூபைக் கணினியில் திறந்து பகிர்வுப் பொத்தானை அழுத்தினால், எந்த நொடியில் தொடங்கலாம் என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கும். முழுப்பாட்டையும் முன்பின் தெரியாத ஒருவருக்காக யாரும் கேட்க மாட்டார்கள், நாற்பது நொடி கேட்பார்கள். அந்த நாற்பது நொடி எது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை. 200 பாட்டுத் தொகுப்பின் சுட்டியை ஒட்டுவது, விருந்தாளிக்குச் சாப்பாடு போடாமல் சமையலறைச் சாவியைக் கொடுப்பது மாதிரி. இன்னொன்று: செயலியிலிருந்து தொகுப்பைப் பகிர்ந்தால் அதோடு உங்கள் கணக்கின் பெயரும் போகும். முழுப்பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். வாங்கிய பாட்டுக் கோப்பை அப்படியே ஏற்றிப் பகிர்வது உரிமைப் பிரச்சினை, சுட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவி பற்றி ஒரு வரி, அதுவும் மன்னிப்புக் கேட்கிற தொனி இல்லாமல்: 'கம்பி இயர்ஃபோனில் கேட்கிறேன்.' அது தகவல்தான். பாஸ் கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னால் ஏன் என்று புரிந்துகொள்ள உதவும். பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு ஒலித்தகவல் ஓடுகிறது என்பது) சிடியில் 1,411 கிலோபிட், நல்ல எம்பி3-இல் 320 என்ற எண்களை வைத்து நடக்கும் சண்டையில் நுழைய வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துப் பிரித்துச் சொல்லப் பெரும்பாலோருக்கு முடியாது. 'ஒரே சத்தத்தில்' என்பதை அடிக்கோடிடுங்கள். 1 டெசிபல் கூட இருந்தாலும் உரத்ததே நன்றாக இருப்பதாகக் காது தீர்ப்புச் சொல்லிவிடும். 24 பிட் (சிடியைவிட நுணுக்கமான) கோப்பு வாங்கி அதை ப்ளூடூத்தில் கேட்கிறவருக்கு, நடு வழியில் பெரும்பாலும் ஒலி மறுபடி சுருக்கப்படுகிறது. அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டாம், வந்த புதிதில்.

சினிமாப் பாட்டை மறைக்காதீர்கள். மறைத்தால் உங்கள் கேள்வியறிவில் பாதியை மறைக்கிறீர்கள். நாலரை நிமிடத்துக்குள் முகப்பிசை, பல்லவி, இரண்டு இடையிசை, இரண்டு சரணம் என்று அடைத்து வைத்த வடிவம் அது. அதில் பழகிய காதுக்கு வாத்தியம் மாறும் இடம் தானாகவே பிடிபடும். 'சினிமாப் பாட்டும் கேட்பேன்' என்று கூச்சத்தோடு வரிக் கடைசியில் தள்ளும்போதுதான் அது மட்டமாகத் தெரிகிறது.

இதையெல்லாம் வைத்து எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

'வணக்கம். கேட்பதில் பாதி சினிமாப் பாட்டு. அதிலும் பல்லவியைவிட இடையிசைக்காகக் கேட்கிற ஆள். வயலின் கூட்டம் ஒரே வரியில் போய்க்கொண்டிருந்து சட்டென்று இரண்டாகப் பிரியும் இடம் கிடைத்தால் பத்து முறை ஓடவிடுவேன். கொஞ்ச நாளாகக் கர்னாடக வயலின் கச்சேரிகளும் கேட்கிறேன். ராகம் தெரியாது, ஆலாபனை மேல் ஸ்தாயியில் போய் நிற்கும் இடத்துக்காகக் காத்திருப்பேன். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் இன்னும் தாளத்தைத் தொலைத்துவிடுகிறேன். கீழே ஒரு பதிவு, மொத்தம் 11 நிமிடம் 20 நொடி. 6 நிமிடம் 10 நொடியிலிருந்து கேட்டால் போதும். இதுபோல இரண்டு வயலின் கேள்வி பதில் மாதிரி வாசிக்கும் பதிவு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். 15 நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது.'

இதில் 43 பெயர் இல்லை, ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் படிக்கிறவர் நுழைய நாலு வாசல் இருக்கிறது. தாளத்தைத் தொலைக்கிறேன் என்ற வரிக்குத்தான் அதிகம் பதில் வரும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படாத ரசிகர் எங்கே இருக்கிறார்? கடைசியில் உள்ள கேள்வியைப் பாருங்கள். 'நல்ல பாட்டு சொல்லுங்கள்' என்று விட்டிருந்தால் எதைச் சொல்வது என்று திகைத்து எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். என்ன வாத்தியம், எப்படிப்பட்ட வாசிப்பு, எவ்வளவு நேரம் என்று வேலி கட்டியதால்தான் ஞாபகத்திலிருந்து ஒன்றை எடுக்க முடிகிறது.

பிடிக்காததைச் சொல்வதானால் உங்கள் காதின் குறையாகச் சொல்லுங்கள், இசையின் குற்றமாக வேண்டாம். 1997-இல் ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் வந்த பிறகு பாட்டே இல்லை என்று எழுதுகிறவருக்குப் பதில்கள் குவியும், அத்தனையும் வசவு. 'சுருதி திருத்திய குரல் எனக்கு ஒட்டுவதில்லை' என்றால் விதிவிலக்காக ஒன்றை அனுப்பிப் பார்க்க யாருக்காவது தோன்றும்.

அனுப்பினால் கேளுங்கள். கேட்டதும் 'அருமை' என்று மட்டும் எழுதாமல், எந்த நிமிடத்தில் எது பிடித்தது, எங்கே கவனம் சிதறியது என்று இரண்டு வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் அப்படியே. ஒருவர் பத்து சுட்டி அனுப்பினால், முதலில் எதைக் கேட்கட்டும் என்று அவரையே கேளுங்கள்.

பழைய இரண்டு அறிமுகத்தையும் அழிக்கத் தேவையில்லை, விளக்கமும் வேண்டாம். புதியதைப் போடுவதற்கு முந்தின நாள், உங்களைப் போலவே கும்பிடு பொம்மையோடு நின்றுபோன வேறு ஒருவரின் அறிமுகத்துக்குப் போய், அவர் சொன்ன பாட்டில் ஒன்றைக் கேட்டுவிட்டு, நிமிடம் நொடி போட்டு ஒரு கேள்வி எழுதிவிட்டு வாருங்கள்.