பி.காம். முடித்த மகளுக்கு எக்செல் போதுமா, பைத்தானும் வேண்டுமா?

மதிப்புக்குரிய பெற்றோருக்கு,

எக்செல் நன்றாகத் தெரிந்த தங்கள் மகளிடம் நேர்முகத் தேர்வுகளில் பைத்தான் என்ற நிரல்மொழி தெரியுமா என்றே கேட்கிறார்கள் என்றும், அதற்காகக் கடன் வாங்கியாவது டேட்டா சயின்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. எம்.ஐ.எஸ். எனப்படும், நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும் பணிகளில் மாதாமாதம் கிளைவாரியாக ஒரே வகை அறிக்கையைத் தயாரிப்பதே பெரும்பகுதி வேலை என்பதால், அந்தக் கோப்புகளில் வரைபடங்களை (சார்ட்) பைத்தானில் நிரல் எழுதிச் சேர்க்க அவர் முதலில் பழகட்டும். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதில் இரண்டு வழிகள் உண்டு. ஓபன்பைஎக்செல் என்ற பைத்தான் நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) ஒரு பார் சார்ட்டை உருவாக்கி, எண்கள் எந்தச் செல்களில் உள்ளன என்று காட்டி, ஆட் சார்ட் கட்டளையால் ஷீட்டில் பொருத்தினால், அது எக்செலின் சொந்த வரைபடமாகவே அமையும். மேலாளர் ஒரு விற்பனைத் தொகையைத் திருத்தினால் பட்டையின் உயரமும் உடனே மாறும். மேட்பிளாட்லிப் என்ற இன்னொரு நூலகத்தில் வரைந்து ஒட்டுவதோ வெறும் படம். எண் மாறினாலும் அது அப்படியே இருக்கும். ஆயினும் எண்களின் பரவலைக் காட்டும் பாக்ஸ் பிளாட் போன்றவற்றை ஓபன்பைஎக்செல் வரைந்து தராது என்பதால் இவ்வழியும் தெரிந்திருக்க வேண்டும். கிளைப் பெயர்கள் தமிழில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லாததால் வெறும் கட்டங்களே தெரியும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்த பிறகும், ‘சேலம்’ என்பதில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்பதைப் பல பதிப்புகளில் காணலாம். எக்செலின் சொந்த வரைபடத்தில் இந்தத் தொல்லை இல்லை. எந்த இடத்தில் எந்த வழி, ஏன் என்று அவர் தெளிவாகச் சொன்னால், கேட்பவருக்கு அவருடைய திறமை விளங்கிவிடும்.

எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் என்ற நூலகமும் நன்று. ஆனால் அது புதிய கோப்பை மட்டுமே உருவாக்கும். அலுவலகம் தரும் பழைய கோப்பை ஓபன்பைஎக்செல் திறக்கும் என்றாலும், அதிலுள்ள ஷேப்கள் (அம்புக்குறி, செவ்வகம் போன்ற வடிவங்கள்) சேமிக்கும்போது காணாமல் போகும் என்பதால் எப்போதும் நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

பயிற்சிக்கு, கிளைக்கு ஒரு ஷீட்டாக 12 ஷீட்கள் கொண்ட கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷீட்டிலும் தானாக வரைபடம் அமையுமாறு நிரல் எழுதச் சொல்லுங்கள். ஷீட்டுக்கு ஷீட் அதே கட்டளைகளைத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் புதிய சார்ட்டை உருவாக்குவது நல்லது. அந்தக் கோப்பையும் நிரலையும் அடுத்த நேர்முகத் தேர்வுக்கு லேப்டாப்பில் எடுத்துச் செல்லட்டும். வகுப்பில் சேர்ப்பதா என்பதை அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.