கண்ணாடிக்குள் ரங்கூன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவகோட்டைக்குப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஐயாவும் (அப்பச்சியின், அதாவது அப்பாவின், அப்பா) அவர்களுடைய அப்பச்சியும் பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போனவர்கள். அங்கிருந்து அவர்கள் எழுதிய கடிதங்கள் உறையோடும் ஸ்டாம்போடும் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. லேப் வைத்திருந்த அம்மான் அதை மூடும்போது கண்ணாடி ஸ்லைடுகளை என்னிடம் கொடுத்தார்கள். சில புதியவை, சில பயன்படுத்தியவை. இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே ஸ்டாம்ப், லேஸ், கடிகாரச் சக்கரம் எல்லாம் வைத்து, ஓரத்தில் ஈயம் உருக்கி ஒட்டிச் சின்னச் சின்னக் கலைப்பொருள் செய்வதை வீடியோக்களில் பார்த்து ஆசை வந்துவிட்டது. உறைகளிலிருந்து ஸ்டாம்பை எடுத்துக்கொள்ளலாமா? எந்தப் பசை நல்லது? இரண்டு செய்து பார்த்தேன், இரண்டிலும் ஓரத்திலிருந்து பழுப்புக் கறை உள்ளே இறங்கிவிட்டது. "இது கலையா, பொழுதுபோக்கா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆயா மட்டும்தான் (பாட்டி, வயது 90 தாண்டிவிட்டது) ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். எடுக்காதீர்கள். கத்தரிக்கோலும் வேண்டாம், தண்ணீரில் ஊறவைப்பதும் வேண்டாம்.

1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதுவரை அங்கே புழங்கியது இந்திய ஸ்டாம்ப்தான். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட அதே ஒரு அணா ஸ்டாம்பை மதுரையிலும் வாங்கலாம், ரங்கூனிலும் வாங்கலாம். உங்கள் உறையிலிருந்து அதைப் பிரித்துவிட்டால் கையில் மிஞ்சுவது லட்சக்கணக்கில் அச்சடித்த ஒரு சாதாரண ஸ்டாம்ப். அது ரங்கூனில் ஒட்டப்பட்டது என்பதற்கு இருக்கும் சாட்சி தபால் முத்திரை மட்டுமே. அந்த வட்ட முத்திரையில் பாதி ஸ்டாம்பின் மேலும் பாதி உறையின் மேலும் விழுந்திருக்கும். வெட்டினால் ஊர்ப்பெயரில் மூன்று எழுத்து இங்கே, மீதி எழுத்து அங்கே. உறையைத் திருப்பிப் பாருங்கள், வந்து சேர்ந்த ஊரின் முத்திரை பல உறைகளில் இருக்கும். இரண்டு தேதிகளையும் சேர்த்துப் படித்தால் ரங்கூனில் போட்ட கடிதம் உங்கள் ஊருக்கு வர எத்தனை நாள் ஆனது என்று தெரிந்துவிடும்.

முகவரியும் அப்படித்தான். அதில் உங்கள் வீட்டு விலாசத்தின் (குடும்பத்தையும் கடையையும் குறிக்கும் அடையாளப் பெயர்) தலைப்பெழுத்துகள் இருக்கும், அங்கே கடையை நடத்திய மேலாள் பெயர் இருக்கலாம், மொகல் தெரு என்று இருக்கலாம். ரங்கூனில் செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. ஸ்டாம்ப், முத்திரை, கையெழுத்து, மடிப்பு நான்கும் ஒன்றாக இருக்கும்வரைதான் அது ஒரு ஆவணம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்குகிறவர்கள் பார்த்திருப்பார்கள், மூலை கிழிந்த உறைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஸ்டாம்பை மட்டும் கிள்ளிக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வீடு வீடாக இந்தச் சேதம் நடந்திருக்கிறது. உங்கள் பெட்டி தப்பியிருக்கிறது, தப்பியதாகவே இருக்கட்டும்.

குறிப்பாக இரண்டு வகை உறைகள் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். இந்திய ஸ்டாம்பின் மேல் பர்மா என்று கருப்பில் அச்சிட்டது ஒன்று. அது 1937-இல், இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்த கையோடு வந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்த பிறகு, பழைய ஸ்டாம்புகளின் மேல் மயில் உருவம் அச்சிட்டு வெளியிட்டார்கள், அது இன்னொன்று. மயிலுக்குப் போலிகள் ஏராளம். ஆனால் போலியா அசலா என்பதை உறையோடு பார்த்தால்தான் விஷயம் தெரிந்தவர்கள் சொல்ல முடியும்.

அப்படியென்றால் எதை வைத்துச் செய்வது? உதிரி ஸ்டாம்புகள் பாக்கெட் பாக்கெட்டாக மலிவாகக் கிடைக்கின்றன. முகவரியை எப்போதோ இழந்துவிட்டவை அவை, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 1938-இல் பர்மா தனக்கென்று வெளியிட்ட வரிசையில் மூன்று அணாவில் யானை தேக்கு மரம் தள்ளும், மூன்றரை அணாவில் நெல் வயல். செட்டிநாட்டு வீட்டில் பிறந்த ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்? முகப்பிலும் வளவிலும் (வீட்டின் உள்முற்றம்) நிற்கும் தூண்கள் அந்தத் தேக்கு. அந்த வயலுக்குத்தான் கடன் கொடுத்தார்கள், அந்த வட்டியில்தான் வீடு எழும்பியது. இந்த ஸ்டாம்புகள் உதிரியாகவே தேடிப் பிடிக்கக்கூடியவை.

உங்கள் உறைகளையும் விட்டுவிட வேண்டியதில்லை. நல்ல ஸ்கேனரில் இரு பக்கமும் 600 புள்ளி அடர்த்தியில் எடுங்கள். முழு உறையையும் ஸ்லைடின் அகலத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, தடிமன் குறைந்த தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், ஈரம் பட்டால் மை ஓடும். கையெழுத்து எறும்பளவுக்குப் போய்விடும், ஆனாலும் லென்ஸ் வைத்தால் வாசிக்கலாம். எனக்கு இதுதான் உண்மையான நுண்கலையாகத் தெரிகிறது. ஒரு முழு உறை, கெடாமல், ஒரு விரல் நீளத்துக்குள்.

இனி ஸ்லைடு. பயன்படுத்தியவற்றைத் தொடாதீர்கள், கழுவிக்கூட எடுக்க வேண்டாம். ரத்தமும் சளியும் தடவியவை அவை. இயங்கும் ஒரு லேபில் கொடுத்தால் மருத்துவக் கழிவோடு அகற்றிவிடுவார்கள். புதியதை சோப்பு நீரில் கழுவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். விரல் ரேகை உள்பக்கம் விழுந்தால் மூடிய பிறகு அதைத் துடைக்க வழியில்லை.

அளவைக் கவனியுங்கள். ஸ்லைடு 75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், தடிமன் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். மன்னர் தலை போட்ட சிறிய ஸ்டாம்பின் அகலம் ஏறக்குறைய 20 மி.மீ. ஸ்லைடை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் வைத்தால் பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. மிஞ்சும். ஈயம் பிடிப்பதற்காக நீங்கள் ஓரத்தில் சுற்றும் செம்பு டேப்பின் அகலம் ஆறு மி.மீ. இரண்டு கண்ணாடியின் தடிமன் போக முன்னும் பின்னும் இரண்டிரண்டு மி.மீ. மடியும். ஆக ஸ்டாம்பின் பற்களுக்கும் செம்புக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளிதான். அந்த அரை மி.மீ. கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஸ்டாம்ப் மூச்சுவிடும். கொஞ்சம் சாய்ந்தாலும் பல் மறைந்து, வெட்டி ஒட்டிய படம் போல ஆகிவிடும். யானை ஸ்டாம்ப் இதைவிடப் பெரியது, படுக்கைவசம் வைத்தாலும் ஸ்லைடுக்குள் வசதியாக அடங்காது. அதற்குப் படச்சட்டக் கண்ணாடியைக் கடையில் கொடுத்து வேண்டிய அளவுக்கு வெட்டி வாங்குங்கள், ஓரத்தை ஈர உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழுப்புக் கறைக்கு வருகிறேன். அது ஃப்ளக்ஸ், ஈயம் செம்பில் பிடிக்கத் தடவுகிறோமே, அந்தப் பொருள். சூட்டில் தண்ணீராக இளகி, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள மயிரிழைச் சந்துக்குள் தானாக ஏறிவிடும். தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும். டேப்பை எலும்புக் கரண்டியாலோ பேனா மூடியாலோ அழுத்தித் தேய்த்து இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும், ஃப்ளக்ஸைத் துளியாகத் தொட வேண்டும், ஒரே இடத்தில் சூடான சால்டரிங் இரும்பை நிறுத்தி வைக்கக் கூடாது. நிறுத்தினால் கண்ணாடியும் விரியும். கழுத்தில் போடும் பொருளுக்குக் காரீயம் கலக்காத சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கம்பி) மட்டும் வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரக் கட்டி ஒன்று இருந்தால் இரும்பின் நுனியைச் சுத்தம் செய்யலாம். புகை வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் கேட்டுக்கொள்வது, ஈயமே வேண்டாம் என்பதுதான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நுண்ணோக்கி ஸ்லைடு செய்தவர்கள் கண்ணாடியைப் பூப்போட்ட வண்ணத் தாளால் சுற்றி ஒட்டி, நடுவில் வட்டமாக ஜன்னல் வெட்டினார்கள். ஜெர்மனியில் வேடல் ஊரைச் சேர்ந்த யோஹான் டீட்ரிஷ் மோல்லர் என்பவர் கண்ணுக்குத் தெரியாத டயட்டம் பாசிகளை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கி ஸ்லைடு செய்தார். வண்ணத்துப்பூச்சி இறகின் செதில்களை அடுக்கிப் பூச்செண்டு செய்தவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள், நுண்ணோக்கியில் வைத்தால்தான் பூ தெரியும். நீங்கள் செய்ய ஆசைப்படுவதற்குப் பாட்டன் முப்பாட்டன் இவர்கள்தான். தாள் ஓரத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அதை வெட்டித் திறக்கலாம். ஐம்பது வருடம் கழித்து யாராவது ஒரு பிளேடால் ஓரத்தைக் கீறினால் உள்ளே இருக்கும் ஸ்டாம்ப் வைத்தபடியே வெளியே வரும். ஈயத்தைப் பிரிக்க மறுபடி சூடு காட்ட வேண்டும்.

பசை விஷயமும் இதோடு சேர்ந்தது. உள்ளே பசையே போடாதீர்கள். இரண்டு கண்ணாடியின் இறுக்கமே பிடித்துக்கொள்ளும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டி அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள், பங்குனி சித்திரையில் மூடுங்கள். நம் ஊர் வெயில் இதற்கு ஒரு வரம். மூடியதை வெயில் விழும் வளவு வாசலில் மாட்டாதீர்கள், மை வெளுத்துவிடும்.

அடுக்கும் முறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஆத்தங்குடிக்கு உங்களுக்கு எவ்வளவு தூரம்? ஒரு முறை போய்த் தரைக்கல் வார்ப்பதைப் பாருங்கள். வழவழப்பான கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கரைசலை ஒவ்வொரு அறையாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் பின்னால் உலர் கலவை தூவி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். நாம் கடைசியில் மிதிக்கும் முகம் எதுவோ அதைத்தான் முதலில் ஊற்றுகிறார்கள். செய்கிறவர் தன் வேலையை முதுகுப்புறத்திலிருந்தே பார்க்கிறார். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியை எடுத்த பிறகுதான் முகம் தெரியும். நம் பக்கத்து வீடுகளில் தொங்கும் கண்ணாடி ஓவியமும் அப்படியே. நகை, கண் கோடு, புடவைக் கரை எல்லாம் முதலில், உடல் நிறம் பிறகு, பின்புலம் கடைசியில்.

நீங்களும் முன்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துத் தொடங்குங்கள். எது முன்னால் தெரிய வேண்டுமோ அது முதலில், முகம் கீழே பார்க்க. பின்னணித் தாள் கடைசியில். இப்படிச் செய்யும்போது திணிக்கிற ஆசை தானாகக் குறையும், ஏனென்றால் பின்னால் வைக்கிற எதுவும் முன்னால் வைத்ததைத் தாண்டி வராது. ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவரிடம் உங்கள் விலாசத்தின் தலைப்பெழுத்துகளைச் செய்து வாங்கி, அதைப் பின்தாளில் குத்தலாம். கண்ணாடியிலேயே குத்த வேண்டுமென்றால் சாதாரண ஸ்டாம்ப் பேட் மை நிற்காது, கண்ணாடிக்கென்று விற்கும் மை வேண்டும்.

கடிகாரச் சக்கரமும் லேஸும் எதற்கு? வீடியோவில் செய்தவர் வீட்டில் அது இருந்தது, வைத்தார். உங்கள் வீட்டில் கிழிந்த கண்டாங்கிச் சேலையின் நாலு நூல் இருக்கும். கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னி மிஞ்சிய சாய ஓலை இருக்கும். முட்டைவெள்ளை கலந்து பூசிய சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புச் சில்லு இருக்கும், பால் போன்ற அந்தப் பளபளப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. பழுது பார்க்கும் கதவிலிருந்து விழுந்த பர்மாத் தேக்குச் சீவலை யானை ஸ்டாம்புக்குப் பின்னால் வையுங்கள். இரண்டு பொருள் போதும், மூன்றாவது வேண்டாம். கலையா என்று கேட்கிறவர்களிடம் அந்த ஒன்றைக் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, கலைதான்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே பெட்டியை ஆயாவிடம் கொண்டுபோய் வையுங்கள். செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, உறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார் கையெழுத்து, இந்த விலாசம் எந்த வீட்டுக்காரர்களுடையது, இந்தக் கடிதம் வந்தபோது யார் ரங்கூனில், யார் ஊரில் என்று கேளுங்கள். தலைப்பெழுத்துகளைப் பார்த்ததும் வீட்டைச் சொல்லக்கூடியவர்கள் இனி அதிகம் பேர் இல்லை. உறையின் மேல் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எண் போட்டு உறைக்குள் வைத்து, அதே எண்ணை ஒரு நோட்டில் எழுதி, ஆயா சொன்னதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுப்பதும் ஸ்லைடு செய்வதும் அதற்குப் பிறகு.

அன்புடன்