இன்ஜெக்ஷன் காரைக் கார்புரேட்டருக்கு மாற்றினால் மிஞ்சும் ஒயர்களை வெட்டி எறியலாமா?

கேட்டவரிடம் இருப்பது 1988 ஃபோர்டு மஸ்டாங், 5.0 லிட்டர் வி8. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றியதிலிருந்து ஐடிலிங் சீராக நிற்கவில்லை, அதனால் கார்புரேட்டர் போடப் போகிறேன் என்கிறார். ஐடிலிங் தடுமாறுவதில் வியப்பில்லை. 1986 முதல் 88 வரை வந்த அந்த வண்டிகளில் பெரும்பாலானவை, இன்டேக்கில் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில்) இருக்கும் வெற்றிட அழுத்தத்தை வைத்துத்தான் காற்றின் அளவைக் கணக்கிடும். பெரிய கேம் போட்டால் அந்தக் கணக்கு குழம்பிவிடும்.

டெக்சாஸில் இதே வேலையை இரண்டு மஸ்டாங்களில் செய்திருக்கிறேன். முதல் வண்டி என்னுடையது, அதில் சொதப்பினேன். இன்ஜெக்டர்களைக் கழற்றியதும் எஞ்சின் மேல் தொங்கிய ஒயர்களையெல்லாம் கட்டிங் பிளேயரால் கத்தரித்து, முனைகளுக்கு டேப் சுற்றி ஓரமாகச் செருகிவிட்டேன். வண்டி கிளம்பியது, ஆனால் ஆயில் பிரஷர் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் செத்துக் கிடந்தன. மூன்றாவது வாரம் போகும் வழியில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. சூட்டில் டேப் இளகி, ஒரு முனை எஞ்சின் பிளாக்கில் பட்டிருக்கிறது. ஃப்யூஸ் போல எரிந்து அறுவதற்கென்றே வைத்திருக்கும் ஃப்யூசிபிள் லிங்க் ஒயர் அறுந்ததால் மற்றதெல்லாம் தப்பியது.

நான் செய்த தப்பு, ஒயரை அது முடியும் இடத்தில் வெட்டியது. கரண்ட் கிளம்பும் இடத்தில் கழற்றியிருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் நினைவுக்காக பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரில், சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் இருக்கும். அதனால் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் வலது கால் பக்க மூடிக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். அதன் 60 முனைக் கனெக்டரை ஒரே ஒரு 10 எம்எம் போல்ட்தான் பிடித்திருக்கிறது. பேட்டரியின் எர்த்தை எடுத்துவிட்டுக் கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு எர்த்தை மாட்டி, சாவி ஆஃபில் ஒருமுறை, ஆனில் ஒருமுறை, முனை முனையாக மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்ட் காட்டும் ஒயருக்கெல்லாம் ஒரு சீட்டு கட்டி, பின்னோக்கிப் போய் அதன் ரிலேயிலோ ஃப்யூசிலோ துண்டித்துவிடுங்கள்.

கொத்தோடு கொத்தாகப் போய்விடக் கூடாத ஒயர்களும் உண்டு. ஆயில் பிரஷர் சென்டருக்கு (முள்ளுக்கு அளவு அனுப்பும் சென்சார்) போவது வெள்ளையில் சிவப்புக் கோடு, டெம்பரேச்சர் சென்டருக்குப் போவது சிவப்பில் வெள்ளைக் கோடு. (இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு!) வெப்பத்துக்கு அங்கே இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒற்றை ஒயர் போவது டேஷ்போர்டு முள்ளுக்கு, இரட்டை ஒயர் போவது கம்ப்யூட்டருக்கு. இரட்டை ஒயர் போகலாம். ஆல்டர்னேட்டர், ரிவர்ஸ் லைட் ஒயர்களைத் தொடாதீர்கள். ஏசி கிளட்சுக்குப் போகும் வழியில் கம்ப்யூட்டர் ஆளும் ரிலே ஒன்று உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலுக்கு வரும் சிவப்பில் இளம்பச்சைக் கோடு போட்ட ஒயரும் இருக்கட்டும், புதிய இக்னிஷனை இயக்க அதுதான் வேண்டும்.

புதிய இக்னிஷன் எதற்கு என்றால், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெயிட்டும் ஸ்பிரிங்கும் கிடையாது, டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்னே தள்ளுவது கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டர் போனால் நீங்கள் வைத்த 10 டிகிரியிலேயே நிற்கும். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. நான் போட்டது கார்புரேட்டரோடு வந்த 1985 மஸ்டாங்கின் டியூராஸ்பார்க் (ஃபோர்டின் பழைய இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டரும் அதன் கன்ட்ரோல் பாக்ஸும். அதிலும் இந்த வண்டியைப் போல ரோலர் கேம்தான் என்பதால், கேமோடு பல் கோக்கும் கியர் ஸ்டீலில் இருக்கும். வேறு எதை வாங்கினாலும் ஸ்டீல் கியரா என்று கேட்டு வாங்குங்கள். வார்ப்பிரும்புக் கியரை அந்தக் கேம் தின்றுவிடும்.

அடுத்தது பெட்ரோல் பம்ப். மிஞ்சிய ஒயர்களில் உயிருக்கு ஆபத்தானது இதுதான். டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஏறக்குறைய 39 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கானது, கார்புரேட்டருக்கு 6, 7 போதும். மீறினால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் பொங்கி வழியும். ஆகவே குறைந்த அழுத்தப் பம்போ, ரிட்டர்ன் உள்ள ரெகுலேட்டரோ கட்டாயம். அதைவிட முக்கியமானது, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்ப் ரிலேக்கு எர்த் கொடுத்துக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். எஞ்சின் சுற்றுவது நின்றால் பம்பையும் அது நிறுத்திவிடும். கம்ப்யூட்டர் போனதும் எல்லாரும் செய்வது, அந்த ஒயரை நிரந்தரமாக எர்த் செய்துவிடுவது. அப்புறம் விபத்தில் எஞ்சின் நின்றாலும், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த எர்த்தை ஒரு ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள், எஞ்சின் நின்று ஆயில் பிரஷர் விழுந்தால் பம்பும் நின்றுவிடும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் தனியாகக் கரண்ட் எடுக்கும் மூன்று முனை சுவிட்சும் கிடைக்கிறது, ஆனால் அதைப் பம்பின் 12 வோல்ட் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும். வண்டியின் பின்பக்கம் இருக்கும், மோதலில் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்சை எக்காரணம் கொண்டும் பைபாஸ் செய்யாதீர்கள்.

இத்தனையும் பிரித்த பிறகு மீதியை வெட்டாமல் முழு ஹார்னஸாகவே (ஒயர்க் கொத்தாகவே) உருவி எடுக்கலாம். நண்பரின் வண்டியில் அப்படித்தான் செய்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காருக்குள்ளும் நடுவே உள்ள தகட்டில்) ஒயர் நுழைந்த ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எஞ்சின் சூடும் பெட்ரோல் வாடையும் காருக்குள் வரும். உருவிய ஹார்னஸை அவர் விற்றார், டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கிய செலவில் பாதி திரும்பி வந்தது. என்னுடையதைத் துண்டு துண்டாகக் குப்பையில் போட்டேன்.

எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் 1976 முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு, மிகப் புதியவை தவிர, புகைச் சோதனை உண்டு, இந்த மாற்றம் அதில் தேறாது. மற்ற மாநிலங்களிலும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது மத்தியச் சட்டப்படி தப்புதான். நீங்கள் கலிபோர்னியா என்றால், ஒயரில் கை வைப்பதற்கு முன் பழைய கேமைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.